பதினாறு மில்லிமீட்டர் கௌரவம்

எங்கள் வீட்டுக் காரின் உரிமையாளர் நான் என்று ஆர்.சி. சொல்கிறது. அதைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கே போவது என்பதை மனைவி முடிவு செய்வாள். எந்த வழியாகப் போவது என்பதைக் கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஒரு பெண்குரல் முடிவு செய்யும். ஏசி எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பது பின்சீட்டிலிருந்து என் அம்மா பிறப்பிக்கும் ஆணை. பெட்ரோல் போடுவது, காற்று பிடிப்பது, தூணில் உரசினால் திட்டு வாங்குவது ஆகிய மூன்றும் என் இலாகா. அப்படிப்பட்ட வண்டிக்குச் சக்கரம் மாற்றலாமா என்று என்னை யாரும் கேட்காததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டிருந்தால்தான் பயந்திருப்பேன்.

வண்டி ஸ்விஃப்ட், விலைப்பட்டியலில் நடுவில் இருக்கும் மாடல். கம்பெனி கொடுத்தது 165/80 ஆர் 14 அளவு டயர், இரும்புச் சக்கரம், அதை மூட ஒரு பிளாஸ்டிக் வீல் கேப். அதில் ஒன்று போரூர் பக்கம் ஏதோ பள்ளத்தில் கழன்று விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மீதி மூன்றோடு வண்டி நிம்மதியாகத்தான் ஓடியது. முதல் போனஸ் வாங்கிய மகனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அப்பாவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்றான். ஒரு சட்டை எடுத்திருக்கலாம். சட்டையின் அளவு கூடிப்போனால் யாருக்கும் அடிபடாது. ஆனால் அந்த நேரம் பார்த்து என் மச்சினன் வீட்டில் இருந்தான். மச்சினன் இருக்கிற வீட்டில் எந்த யோசனையும் சட்டையோடு நிற்பதில்லை.

காற்றடைத்த டயரின் வரலாறே அப்பா, மகன் கதைதான். 1880களில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. போகட்டும். பையன் குலுங்காமல் ஓட்டினான் அல்லவா? அங்கே அப்பா மகனுக்கு டயர் செய்து, குலுக்கல் நின்றது. எங்கள் வீட்டில் மகன் அப்பாவுக்கு டயர் வாங்கி, குலுக்கல் ஆரம்பமானது.

சென்னையில் காருக்கு அலங்காரம் செய்ய வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போக வேண்டும். முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார்; ஜி.பி. ரோடு என்றால் புரியும். சீட் கவர், ஹார்ன், கண்ணாடிக்கு ஒட்டும் படலம், தலையாட்டும் பொம்மை என்று சகலமும் அங்கே உண்டு. ஒரு கடையில் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எனக்குக் கடையில் டீ கொடுத்தாலே கை நடுங்கும். விலை சொல்வதற்கு முன் நோயாளியைத் தயார்ப்படுத்துகிறார்கள் என்று தோன்றும்.

“பதினாறு போடுங்க சார், லுக்கே மாறிடும்” என்றார் கடைக்காரர்.

“எஸ்.யூ.வி. கணக்கா நிக்கும் மாமா” என்றான் மச்சினன்.

மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். அன்று மாலை வண்டி 16 அங்குல அலாய் சக்கரத்தில், 205/60 ஆர் 16 டயரோடு வீட்டுக்கு வந்தது.

அழகாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்துவைத்து, முன்சக்கரம் முழுவதும் வெளியே தெரியும்படி நிறுத்த ஆரம்பித்தேன். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் உடனே ஏற மாட்டேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ சந்தேகம் இருப்பவன் போல டயரைக் குனிந்து பார்ப்பேன். நான் பார்ப்பதை யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பல்துலக்கியால் அலாயின் இடுக்குகளில் படிந்த பிரேக் தூசியைத் தேய்த்தேன். கல்யாணமான நாள் முதல் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர் இவர் என்று மாடியிலிருந்து மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் அறிமுகம் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பல்லவன் போக்குவரத்துக் கழக டெப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டெப்போ சார். வண்டியைப் பார்க்கும் முன் டயரைப் பார்ப்பார். மனிதர்களையும் செருப்பிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார். அவர் கைத்தடியால் என் புது டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

“இருநூத்தி அஞ்சு அறுபது பதினாறா? யார் சொன்னா?”

“மச்சினன்.”

“ஓ” என்றார். அந்த ஓவில் எல்லாக் குடும்பத்து மச்சினன்களும் அடக்கம்.

அன்றுதான் டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவன் படிக்கத் தெரியாமல்தான் ஓட்டியிருக்கிறேன். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தில் 60 சதவீதம். கடைசி 16 சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரியில் மெட்ரிக், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்திருக்கின்றன. கடைக்காரர் சொல்வதற்கு வாடிக்கையாளர் தலையாட்டுவதற்காகவே அமைத்த ஏற்பாடு. நடுவில் இருக்கும் ஆர், ரிம்மைக் குறிக்கிறது என்று மச்சினன் அடித்துச் சொல்லியிருந்தான். அது ரேடியல். மிஷலின் கம்பெனி 1946இல் காப்புரிமை பெற்ற கட்டுமான முறை.

டெப்போ சார் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பழைய டயர் தரையிலிருந்து உச்சி வரை 619.6 மில்லிமீட்டர். புதியது 652.4. குறுக்களவில் 33 மில்லிமீட்டர் கூடுதல். வண்டி உயர்ந்தது அதில் பாதி.

“பதினாறு மில்லிமீட்டர் ஒசந்திருக்கீங்க சார்” என்றார். மகனின் போனஸை மில்லிமீட்டரால் வகுத்துப் பார்த்தேன். தி.நகரில் மனை வாங்குவதுகூட அதைவிட மலிவாக முடிந்திருக்கும்.

அந்தக் காலண்டர் தாளை நான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சட்டை துவைக்கப் போகும்போது அது மனைவியின் கைக்குப் போயிற்று. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். குறுக்களவு மாறினால் சுற்றளவு மாறும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் ஓடும். புதியது 2.05 மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து சென்டிமீட்டர் கூடுதல்.

“அப்ப உங்க ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்?” என்றாள்.

“வேகத்தைக் காட்டும்.”

அவள் என்னைப் பின்பெஞ்ச் மாணவனாகக் கருதி விளக்கினாள். நம் தெருப் பூக்காரம்மா மல்லிகையை முழம் போட்டு அளக்கிறாள். திடீரென்று ஒரு நாள் அவள் கை நீண்டுவிட்டால் அவள் அளந்து தருகிற பூ அதிகமாகும். ஆனால் வாய் என்னவோ ‘ஒரு முழம், ரெண்டு முழம்’ என்றுதான் எண்ணும். மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, கம்பெனி சொல்லிக்கொடுத்த முழத்தால் பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். நம் சக்கரத்துக்குக் கை 5 சதவீதம் நீண்டுவிட்டது. மீட்டர் பழைய முழத்திலேயே எண்ணிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் புரிந்தது. புரிந்ததோடு வயிற்றையும் கலக்கியது. ஏனென்றால், “கொஞ்சம் மெதுவாப் போங்க” என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் பதில் பேசாமல் முள்ளைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். எங்கள் இல்லறத்தில் என் தரப்பில் பேச ஒரே சாட்சி அந்த முள்தான். இப்போது அது பிறழ் சாட்சி ஆகிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் கம்பெனிகள் ஸ்பீடோமீட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கின்றன. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே பெரிய டயர் போட்டவுடன் மீட்டர் பொய் பேச ஆரம்பிப்பதில்லை. முதலில் கம்பெனி கொடுத்த அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்கிறது. அது தீர்ந்த பிறகுதான் பொய். இந்த நுணுக்கத்தை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். நுணுக்கத்தோடு பேசும் கணவர்களை அவள் நம்புவதில்லை.

அடுத்து மைலேஜ். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெட்ரோல் கணக்கும் இருக்கிறது. டேங்கை நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வகுத்துவைப்பது மனைவியின் பழக்கம். புதுச் சக்கரம் வந்த பிறகு எண்கள் இறங்கின. நான் துள்ளி எழுந்தேன். மீட்டர் தூரத்தையும் குறைத்துத்தானே எண்ணுகிறது? வண்டி உண்மையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டர் கணக்கில் 19தான் வரும். ஆக, நஷ்டம் வெறும் காகிதத்தில்! அவள் கால்குலேட்டரை எடுக்காமலேயே நோட்டில் எல்லா எண்களையும் 1.053ஆல் பெருக்கினாள். அப்படிப் பெருக்கிய பிறகும் பழைய மைலேஜ் வரவில்லை. மிச்சக் குறைவு நிஜம். அகலமான டயர் உருளும்போது தின்னும் சக்தி அதிகம். பெரிய சக்கரத்தின் எடை மையத்தை விட்டு விலகி விளிம்பில் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது அதைச் சுழற்றிவிட எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். சென்னையில் நின்று கிளம்புவதைத் தவிர வேறென்ன செய்கிறோம்?

கிளம்புவது என்றதும் எங்கள் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து தெருவுக்கு ஏறும் சரிவை வழக்கமாக இரண்டாவது கியரில் ஏறிவிடுவேன். சக்கரம் பெரிதானால் முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை அத்தனையும் 5 சதவீதம் நீண்டுபோனதற்குச் சமம். நெடுஞ்சாலையில் இது சுகம்தான்; அதே வேகத்துக்கு எஞ்சின் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், இரைச்சல் தணியும். மேட்டில் அந்தச் சுகத்துக்கு வட்டியோடு வசூல். சரிவின் பாதியில் வண்டி இருமி நின்றது. பின்னால் மூன்றாவது மாடிக்காரர் ஹார்ன் அடித்தார். பின்சீட்டிலிருந்து அம்மா, “வண்டிக்கு உன் வயசு ஆயிடுச்சாடா?” என்றாள்.

பிரேக்கிலும் இதே கதைதான். பிரேக் பிடிக்கும் தட்டு பழையதே. எதிர்த்து நிற்கும் சக்கரம் மட்டும் பெரியது. அதே இடத்தில் நிற்க, காலை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி எப்போதும் தன் பக்கத்துக் கால்மிதியை பிரேக்காக நினைத்து மிதிப்பாள். அதை இன்னும் அழுத்தமாக மிதிக்க ஆரம்பித்தாள்.

இவற்றையெல்லாம் வீட்டோடு வைத்துச் சமாளித்திருப்பேன். மதுராந்தகம் கல்யாணம்தான் விஷயத்தை உறவுமுறை வரை கொண்டுபோனது.

பின்சீட்டில் அம்மா, பெரியம்மா, அத்தை. மூவரும் நல்ல சாப்பாட்டுப் பரம்பரை. முன்னால் மகன். டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம். வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் மட்டும் உயர்ந்து, தெரியாமல் ஏறித் தெரியாமல் இறங்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வகுத்துவைத்திருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பவை அந்தத் தெரு ஒப்பந்ததாரரின் சொந்தக் கற்பனை. பெரிய டயருக்கும் மட்கார்டின் உட்புறத்துக்கும் இடையே மிச்சமிருந்த இடம் கொஞ்சம்தான்; சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும் அதுவும் போயிற்று. டயர் உரசியது. அதுவும் வலப்பக்கம் மட்டும். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது பெரியம்மா.

மகன் பொறியியல் படித்தவன். எடையைச் சமமாகப் பகிர்ந்தால் தீர்ந்தது என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்து, சிரித்த முகத்தோடு, “கனமானவங்க நடுவுல வந்துடுங்களேன்” என்றான்.

மூன்று பேரும் அசையவில்லை. யார் அசைந்தாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். செங்கல்பட்டு தாண்டும் வரை வண்டிக்குள் பேச்சே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மட்டும் பேசியது. மண்டபத்தில் இறங்கிய கால் மணி நேரத்தில், நான் காரில் ஏற்றுவதற்கு முன் சொந்தக்காரர்களை எடைபோடுகிறேன் என்ற செய்தி பந்தி வரை போய்விட்டது. பரிமாறியவர் எனக்கு அப்பளம் வைக்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

திரும்பி வரும் வழியில் பஞ்சர். ஸ்டெப்னி பழைய 14 அங்குலம். அதை மாட்டியதும் வண்டி ஒரு பக்கம் 16 மில்லிமீட்டர் குனிந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, நேர்ச்சாலையில்கூட வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. மெதுவாக, ஓரமாக, குனிந்தபடி ஊர் திரும்பினோம். பெரியம்மா பேருந்தில் போய்விட்டார்.

80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குவது இன்னொரு தொல்லை. “வீல் வாப்ளிங் சார், பாலன்சிங் பண்ணிடலாம்” என்று கடையில் திரும்பத் திரும்ப ஈயக்கட்டி ஒட்டினார்கள். டெப்போ சார் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி நடுத்துளையைப் பார்த்தார். ஸ்விஃப்டின் சக்கரத்தை நான்கு நட்டுகள் பிடிக்கின்றன. அவை 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. அது பொருந்திவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் துளை கம்பெனிச் சக்கரத்தில் 54.1 மில்லிமீட்டர், அச்சின் முனையில் கச்சிதமாக உட்காரும். வெளியில் விற்கும் அலாய்கள் எல்லாக் காருக்கும் சேரட்டும் என்று பெரிய துளையோடு வரும், எங்களுடையது 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். அந்த வளையத்தைக் கடையில் போடவில்லை. டீ மட்டும் கொடுத்தார்கள்.

வளையம் வந்தது, நடுக்கம் நின்றது. உரசலுக்கு மச்சினன் தீர்வோடு வந்தான். இந்த முறை அவன் படித்துவிட்டு வந்திருந்தான். அதே அலாய், டயரை மட்டும் 195/55 ஆர் 16 ஆக மாற்றினால் மொத்தக் குறுக்களவு 620.9; பழையதற்கும் இதற்கும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. மீட்டர் சரியாகிவிடும், கியர் பழையபடி, உரசல் போச்சு. மனைவி பென்சிலால் சரிபார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்றாள். என் மச்சினனின் வாழ்க்கையில் அவன் அக்காள் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த டயரில் வண்டி ஓட்டச் சுகமாக இருந்தது. பக்கச்சுவர் குட்டையானால் டயர் வளைவில் நெளியாது. ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் வண்டி திரும்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கே என் வயது மறந்தது. ஆனால் சுவரின் உயரம் எங்கிருந்தோ குறைந்துதானே ஆக வேண்டும்? பழைய டயரில் சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே 132 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும். இதில் 107. ஓர் அங்குலம் காணாமல் போயிருந்தது. குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த அங்குலத்தின் வேலை. இப்போது அந்த வேலையை என் இடுப்பு பார்த்தது. தார் ஒட்டுப்போட்ட இடம், பாதாள சாக்கடை மூடி, யாரோ போட்ட தேங்காய் ஓடு என்று சாலையில் எதன்மேல் ஏறினாலும் முதுகெலும்பு வரிசையாகப் பெயர் சொன்னது.

வடகிழக்குப் பருவமழை வந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் வேளச்சேரியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். தரையைத் தொடும் ரப்பர் ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். அதன் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் காற்றழுத்தமும். அகலத்தைக் கூட்டினால் பரப்பு பெரிதாகக் கூடாது. நீளவாக்கில் இருந்த தடம் குறுக்குவாக்கில் படுத்துக்கொள்ளும். காய்ந்த சாலையின் வளைவில் அது நல்லது. தேங்கிய தண்ணீரிலோ ஒடுங்கிய டயர் கிழித்துக்கொண்டு போகும். அகல டயர் தண்ணீரைத் தள்ளித் தீராமல் அதன்மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். ஒரு நொடி மிதந்தது. ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகிவிட்டது. மனைவி மிதித்த மிதியில் கால்மிதியே கிழிந்தது.

அதிலிருந்து தப்பி அடுத்த தண்ணீர்க் குட்டையில் இறங்கினேன். அடியில் குழி. ‘டொம்’ என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலாயின் விளிம்பு வளைந்து, டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. குழியின் விளிம்புக்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் நடுவில் சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோனால் காற்று அந்த இடத்தில் வெளியே தள்ளும். பக்கச்சுவருக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, தைக்க முடியாது. எப்போது வெடிக்கும் என்று அது யாரிடமும் சொல்லாது. டயரைத் தூக்கித்தான் போட வேண்டும்.

டெப்போ சார் கைத்தடியின் நுனியால் புடைப்பைத் தொட்டுப் பார்த்து, “எம்.ஆர்.எஃப். கம்பெனி எதுல ஆரம்பிச்சது தெரியுமா சார்?” என்றார். 1946இல், திருவொற்றியூரில், குழந்தைகள் விளையாடும் பலூன். பலூனில் ஆரம்பித்து டயருக்கு வந்தார்கள். நான் டயரில் ஆரம்பித்து பலூனுக்கு வந்திருந்தேன். டயர் வேறு கம்பெனி. அதன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்தக் குழியில் எந்த டயர் விழுந்திருந்தாலும் கதறியிருக்கும்.

“அப்ப என்னதான் பண்றது?” என்றேன்.

அவர் காலண்டர் தாள் எடுக்கவில்லை. இதே ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே 185/65 ஆர் 15 போடுகிறது என்றார். குறுக்களவு 621.5. பழைய டயரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள். பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். குழிக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஸ்டெப்னி மாட்டினால் வண்டி குனியாது. சட்டப்படியும் தொல்லையில்லை; மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?”

“நீங்க கேக்கலையே சார். சக்கரத்த ஒடிச்சு வெச்சுக் காட்டிக்கிட்டு இருந்தீங்க.”

இப்போது எங்கள் வண்டியில் 15 அங்குலம். மகன் அந்த 16 அங்குல அலாய்களில் நல்லதாக இருந்த மூன்றை நண்பனிடம் விற்றுவிட்டான். அந்த நண்பனுக்கும் ஒரு மச்சினன் இருப்பான் போலிருக்கிறது. பெட்ரோல் நோட்டில் எண்கள் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டன. பெரியம்மா மட்டும் இன்னும் வரவில்லை.

சக்கரம் மாற்ற நினைப்பவர்கள் அறிய வேண்டியது அதிகமில்லை. டயர்க்காரர்கள் சொல்லும் பொதுக்கணக்குப்படி, மொத்தக் குறுக்களவு 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. அளவுக்குப் பக்கத்தில் 85, 88 என்று ஒரு எண் இருக்கும். அது ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு. 85 என்றால் 515 கிலோ, 88 என்றால் 560. கம்பெனி கொடுத்ததைவிட அது குறையக்கூடாது. பின்சீட்டில் யார் யார் வருவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் வருடமும் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயர் உங்கள் பிள்ளை பள்ளியில் படித்த காலத்தில் செய்ததா என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றபடி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிட்டிருக்கும். ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டீ குடியுங்கள், தப்பில்லை. மச்சினனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.